நாளைக்குப் பிதுக்கம்பருப்பு

எங்கள் ஊரில் சாகக் கிடப்பவர்கள் தீபத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாவார்கள். ஐப்பசியிலேயே டாக்டர் கைவிரித்த ஆள்கூடக் கார்த்திகை வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடப்பார். மலைமேல் ஜோதி ஏறியதும் இரண்டு பேர் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவருவார்கள். கும்பிடுவார். ஜோதி எரிகிற நாட்களில் கொஞ்சம் தெம்பாகக்கூடப் பேசுவார். அது அணைந்த வாரத்தில் அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். தப்பித்தவறி அதையும் தாண்டினால் பொங்கல். அதற்கப்புறம் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. தை பிறந்தால் வழி பிறக்கும்னு சும்மாவா சொன்னாங்க என்று எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவர் இதை வைத்தே கேலி செய்வார்.

எதிர் போர்ஷன் அக்காவிடம் இந்தக் கேலியைச் சொல்லிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளுடைய மாமனார் அப்படித்தான் போனார். பெற்ற அம்மாவும் அப்படித்தான், பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுநாள். இப்போது புருஷன் படுத்திருந்தார்.

நான் அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மாவட்டம் பிரிந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, மாசத்துக்கு ஒருதரம் வந்துபோவார். திருவூடல் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவின் புருஷன், எனக்கு அண்ணன், தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். போளூர் ரூட்டில் அவர் குரல் கேட்டுத்தான் பஸ் வருகிறதென்று தெரியும் என்பார்கள். நான் பார்த்தபோது இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதுக்கு மூச்சு இல்லை. நுரையீரலில் பாதி வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இந்தப் பனியைத் தாண்டிட்டாருன்னா பாக்கலாம்" என்றும் சொல்லியிருந்தார். டாக்டர்கள் பேச்சுவாக்கில் எதையாவது சொல்லிவிடுகிறார்கள். அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பண்டிகைன்னா இன்னா? புடிச்சிக்கிற கயிறு," என்றாள் என்னிடம். "தீபம் வரட்டும், பொங்கல் வரட்டும்னு புடிச்சிக்கினு இருக்காங்க. அது அறுந்ததும் வுழுந்துடறாங்க. வேற கயிறு குடுக்காதது யாரு தப்பு? சொல்லு, கலெக்டரம்மா."

நான் ஆபீசில் கடைசி வரிசை மேசையில் உட்கார்ந்து சீல் குத்துகிறவள். ஆனாலும் அவளுக்கு நான் கலெக்டரம்மாதான்.

அந்தக் கயிற்றை அவள் தினமும் திரித்தாள். தீபம் முடிந்து ஊர் காலியானதும் ஆரம்பித்தது. தீபத்தின்போது எங்கள் தெருவில் நாங்கள் நடக்க முடியாது. வெளியூர்க்காரர்கள் வாசல்படியில் படுத்திருப்பார்கள், தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டிப் போலீஸ் நிற்கும், நம் வீட்டுக்குப் போக நாமே கெஞ்ச வேண்டும். எல்லோரும் போனபிறகுதான் ஊர் எங்கள் கைக்கு வரும். மார்கழிப் பனியில் மலை அரைவாசி தெரியாது. தேரடி வீதியில் கடை போட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். டீக்கடையில் கிளாசைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாக நிற்கலாம், பின்னால் இடிக்க ஆள் இல்லை. அக்கா காலையில் மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கூடையோடு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் இருக்கும். ஒருநாள் பொரி, ஒருநாள் சுட்ட சோளம், ஒருநாள் பனங்கிழங்கு. மிஞ்சிய சவுக்குத் துண்டுகளைக்கூடக் கேட்டு வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். "சாமிக்குக் கட்டின கட்டை, இந்தத் தண்ணியில குளிச்சா ஒடம்பு கேக்கும்" என்று புதிதாக ஒரு சாஸ்திரம் வேறு.

பொட்டலத்தைப் பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவாள். மெதுவாகப் பிரிப்பாள். நாலு வாய் ஊட்டுவாள். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள், கடைசி வாய் இன்னும் வாயில் இருக்கும்போதே, "நாளைக்கு இன்னா தெரியுமா?" என்பாள். அவர் தெரியாது என்று தலையாட்டுவார். சில நாள் சொல்வாள், சில நாள் சொல்லாமல் சிரிப்பாள். இன்றைய வாய் காலியாவதற்குள் நாளையது உள்ளே போய்விட வேண்டும் அவளுக்கு. நடுவில் ஒரு நிமிஷம்கூட அவரைச் சும்மா விடமாட்டாள். அந்த இடைவெளியில் அவர் நழுவிவிடுவார் என்று உண்மையாகவே பயந்தாள்.

அவளுடைய அந்தச் சிரிப்பில் பல் தெரியும், கண்ணில் ஒன்றும் இருக்காது.

எங்களையும் அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணனை நாற்காலியோடு மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுவோம். மேல்வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இளவெயிலில் அவரை உட்காரவைத்து, முதுகில் எண்ணெய் தேய்த்து, குரங்குக் குல்லா மாட்டி, எங்கள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொடுத்து, "பேசுங்க, எதுனா பேசுங்க" என்பாள். பேசாவிட்டால் முறைப்பாள். நாங்களும் ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். பனி விலகி மலை மெல்ல முழுசாகத் தெரியும். கிழங்கு தேனாக இனிக்கும். சொல்லக் கூசுகிறது, என் வாழ்நாளில் நான் ருசித்து அனுபவித்த பனிக்காலம் அதுதான். எதிரே ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, நான் இரண்டாவது கிழங்கை உரித்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் வந்தது. பொங்கலைப் பற்றி அவள் அவ்வளவாகப் பேசவில்லை. மறுநாளைப் பற்றித்தான் பேசினாள். மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரில் சாமியும் அம்மனும் தெருவில் வந்து சண்டை போட்டுக்கொள்ளும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். சாமி வெளியே தங்கிவிட்டு, மறுநாள் மலையைச் சுற்றிவந்து சமாதானம் செய்துகொள்ளும். அண்ணனைச் சந்து முனைவரைக்கும் நாற்காலியில் தூக்கிப்போய் அந்த ஊடலைக் காட்டினோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பல்லக்குகள் முன்னும் பின்னும் போய் வருவதைப் பார்த்து அவர் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"பாரு. அம்மனுக்கே கோவம் வருது. உனக்கு மட்டும் ஏன் வரமாட்டுது? ஒரு நாளாச்சும் என்மேல கோச்சிக்கோயேன்."

"கோச்சிக்கினு கதவ சாத்திக்கினா மருந்து யாரு குடுக்கறது?" என்றாள் அக்கா. "நாளைக்கு சமாதானம். அதையும் பாக்கணும். பாதி பாத்துட்டு வுடக் கூடாது."

மறுநாளும் தூக்கிப் போனோம்.

பொங்கலுக்கு அப்புறம்தான் சோதனை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த வருஷம் தையிலேயே மச்சைத் துளைத்தது. அண்ணனுக்குப் படுத்தால் மூச்சு இல்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே இருந்தார். உறவுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள், அப்புறம் பார்க்கவில்லையே என்று ஆகிவிடக்கூடாது பாருங்கள். அண்ணனின் அக்கா, போளூரிலிருந்து வந்தவர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு "எப்படி இருந்த ஆளு, பஸ்ஸ ஒரு விசில்ல நிறுத்துவானே" என்று ஆரம்பித்தார். எதிர் போர்ஷன் அக்கா உள்ளே போனாள். ஒரு கட்டுக் கரும்போடு வந்தாள். பொங்கல் முடிந்ததும் சந்தையில் கரும்பை யாரும் சீந்த மாட்டார்கள், அள்ளி வந்திருந்தாள். கரும்பையும் அரிவாளையும் நாத்தனார் மடியில் வைத்தாள்.

"அழுவறதுன்னா இத உரிச்சிக்கினே அழுவுங்க அண்ணி. துண்டு சின்னதா போடுங்க, அவருக்குக் கடிக்க வராது, சாறு புழிஞ்சி தரணும்."

நாத்தனாருக்கு முகம் செத்துப்போயிற்று. நடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "நோயாளிக்குக் கண்டதையும் வாங்கிக் குடுத்து அவளே அனுப்பிடுவா. தின்னத் தின்ன மூச்சு ஜாஸ்தியாவுது, கண்ணு தெரியல அவளுக்கு? புள்ள பெத்திருந்தா தெரியும் நோவு" என்றார். கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். வெளியே வந்து, "கரும்பு ஆச்சா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத்தான் அந்த அம்மாள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்தபோது நான் அண்ணனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அவர் சைகை காட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி. அவகிட்ட சொல்லாத."

"சொல்லுங்கண்ணே."

"எனக்கு ருசியே தெரியல. மாத்திர சாப்புட்டு நாக்கு செத்துப்போச்சி. ரொம்ப நாளா." நிறுத்தி மூச்சு வாங்கினார். "கரும்பும் ஒண்ணுதான், கஞ்சியும் ஒண்ணுதான். ஆனா அவ பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேக்கும் பாரு. அதுக்குத்தான் காலையில இருந்து காத்துக்கினு கெடக்கறேன். நான் வாயத் தொறக்கலன்னா அவ மறுநாள் எழுந்திருக்க மாட்டா."

அக்கா கூடையோடு உள்ளே வந்தபோது இலந்தைப் பழ வாசனை அறை முழுக்க வந்தது. அவர் முகம் மலர்ந்தது. "தேடிக்கினு அலைஞ்சியா?" என்றார். "தேடாம? தெற்கு வாசல் வரைக்கும் போனேன்" என்றாள். பழத்தை மசித்து, கொட்டை நீக்கி, விரலால் எடுத்து ஊட்டினாள். "புளிப்பா இருக்கா?" "நல்லா புளிப்பு. இனிப்பும் கீது." எப்படித்தான் கூசாமல் பொய் சொன்னாரோ.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இரண்டு நாள் கழித்து அக்காவிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். அவர் இதையெல்லாம் விரும்பித்தான் சாப்பிடுகிறாரா என்று. அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"ருசி தெரியலன்னு உன்கிட்ட சொல்லிட்டாரா?"

நான் வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"என்கிட்ட சொல்லல. எனக்கே தெரியும். மார்கழியிலயே சுண்டலுக்கு மறந்துபோய் ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன். வாயில வைக்க முடியல. மனுசன் நல்லாக்கீதுன்னு முழுசும் சாப்ட்டாரு." புடவையை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள். "அதுக்கின்னா? ருசிக்கா குடுக்கறேன்? நாளைக்குன்னு ஒண்ணு இருக்கணும். அவரும் இருக்கணும். அவ்ளோதான் எனக்கு. நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

இருவரும் தெரிந்தே ஊட்டிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். நான் நடுவில் ஒன்றும் தெரியாதவளாக நடித்தேன். மூன்று பேரில் நான்தான் மோசமான நடிகை.

மாசி பிறந்தது. பனி குறையும் குறையும் என்று பார்த்தால் குறையவில்லை. சந்தையில் பனிக்காலத்துப் பண்டங்கள் ஒவ்வொன்றாக வரத்து கம்மியாகிக்கொண்டு வந்தன. பனங்கிழங்கு முற்றி நாராகிவிட்டது. கரும்பு காய்ந்துவிட்டது. அக்காவின் முகத்தில் ஒரு பரபரப்பு ஏறியது. இருட்டுவதற்குள் இரண்டு தடவை, மூன்று தடவை கடைத்தெருவுக்குப் போய்வருவாள். நான் பிறந்த ஊருக்குப் போகிறேன் என்றால் பையைக் கொடுத்துவிடுவாள். "உங்க கீழ்பென்னாத்தூர்ல பங்குனியில மல்லாட்ட புடுங்குவாங்க இல்ல? பச்சையா வாங்கியாந்து வேக வைக்கணும். அவருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் ஒருநாள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பங்குனிக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. நாளைக்கு என்பதிலிருந்து அடுத்த மாசத்துக்குத் தாவிவிட்டாள் என்பதே எனக்குக் கிலியாக இருந்தது. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். "அவ்ளோ தூரமா?" என்று மட்டும் கேட்டாராம்.

கடைசியாக அவள் பிடித்தது பச்சை மொச்சை. அது எங்கிருந்தோ இன்னும் வந்துகொண்டிருந்தது. மொச்சையை உரித்து, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாக விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதுதான் பிதுக்கம்பருப்பு. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் பனிக்காலத்தில் அதில் குழம்பு வைக்காத வீடு கிடையாது. ஒரு வீட்டுக்குக் குழம்பு வைக்க விரல் நோக நோகப் பிதுக்க வேண்டும். அன்று மாலை நான் ஆபீசிலிருந்து வந்தபோது அக்கா நடையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கேட்கும்படியாக உரக்கச் சொன்னாள்.

"நாளைக்கு இன்னா தெரியுமா? பிதுக்கம்பருப்பு. இப்பவே ஊற வைக்கப்போறேன். ஊற வைச்சிட்டா செஞ்சே ஆவணும், அப்புறம் மாத்த முடியாது."

உள்ளிருந்து "ம்" என்று கேட்டது.

மறுநாள் காலையில் நான் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிரே அக்காவின் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பருப்பைப் பிதுக்கிக்கொண்டே பேசுகிறாள் என்று தெரிந்தது. பால்காரன் வராததைப் பற்றி, மேல்வீட்டுக்காரர் பெண் பார்க்கப் போனதைப் பற்றி. நடுநடுவே ஒரே கேள்வி. "கொழம்பு வைக்கட்டா, கூட்டு வைக்கட்டா?" கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். "சொல்லுங்க. கொழம்பா, கூட்டா?" அதே குரல், அதே ஏற்றம். எனக்குக் கை நின்றுவிட்டது. ஈரத்தலையோடு நடையைத் தாண்டிப் போனேன்.

முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சில்வர் பேசின். விரல்கள் நிற்கவில்லை, பிதுக்கிக்கொண்டே இருந்தன. தலையணையில் சாய்ந்தபடி அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா கலெக்டரம்மா. எத்தினி வாட்டி கேக்கறது? வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாரு."

நான் அவர் பாதத்தைத் தொட்டேன். பிறகு அவள் கையைப் பிடித்தேன். மொச்சைத் தோல் என் கையில் ஒட்டியது. அவள் கையை உதறிக்கொண்டு மிச்சத்தையும் பிதுக்கி முடித்தாள். ஒன்றுகூட விடவில்லை.

மத்தியானத்துக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். போளூர் நாத்தனார் தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு வந்தார். அக்கா அழவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பேசினைப் பக்கத்தில் வைத்திருந்தாள். யாரோ அதை எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தபோது கையைத் தட்டிவிட்டாள். எழவு வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அந்தப் பருப்பை இனி என்ன செய்வது? எல்லோரும் அவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

எடுக்கிற நேரம் வந்தது. வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பங்காளி முறையில் பெரியவர் ஒருவர் தட்டில் அரிசியோடு நின்றார். ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு விலகினார்கள். அக்கா முறை வந்தபோது பேசினோடு எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா இது? அரிசி போடணும்."

"அரிசி நீங்க போட்டாச்சி இல்ல. இது நான் சொன்னது."

"அதெல்லாம் சம்பிரதாயம் இல்லம்மா. பொணத்து வாயில மொச்சையப் போடுவாங்களா?"

"நாளைக்குன்னு நேத்து சொல்லிட்டேன். அவரும் ம்முன்னாரு."

பெரியவர் மற்றவர்களைப் பார்த்தார். அப்போது நாத்தனார்தான் மூக்கைச் சிந்திவிட்டு, "வுடுங்க. போடட்டும். அவ குடுத்துதான் அவன் இத்தினி நாளு வாயத் தொறந்தான்" என்றார்.

அக்கா குனிந்தாள். ஒரு பருப்பை எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். அது வழுக்கிக் கன்னத்தில் இறங்கிப் பூமாலைக்குள் போய்விட்டது. இன்னொன்றை எடுத்து, இடது கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு வைத்தாள். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவதை விரலால் உள்ளே அழுத்தப் பார்த்தாள். பல் கிட்டியிருந்தது.

"சாப்புடுங்க," என்றாள், எப்போதும் சொல்கிற அதிகாரத்தோடு.

பிறகு பேசினைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "சாப்புடுங்களேன்... இன்னிக்கி ஒரு நாளு சாப்புடுங்களேன். நாளைக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

எத்தனையோ நாள் அவருக்கு அவள் ஊட்டியதை எதிரே இருந்து பார்த்தவள் நான். அவள் அவரிடம் கெஞ்சிக் கேட்டது அன்றுதான்.